சாமி கூப்பிடுறார்

போன தவக்காலத்தில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கோயிலில் பெயின்ட் அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பெஞ்சுகளையெல்லாம் ஓரமாகத் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்துத் தாழ்வாரத்தில் ஒரு தச்சர் தரையில் உட்கார்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பழைய தேக்கு மரத்துக்கு வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவர் உட்கார ஆசனம், இரண்டு பக்கமும் முழங்காலிடப் பலகை, காது உயரத்தில் பொடிப்பொடியாகத் துளை போட்ட தகடு. பாவசங்கீர்த்தனத் தொட்டி. நான் நின்று பார்ப்பதைக் கண்டு, "இது என்னா சார், எதுக்கு இந்த ஓட்டையெல்லாம்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். "எவ்ளோ பேரு மூச்சுக்காத்து பட்டிருக்கும்ல இதுல" என்றார்.

எனக்கு அந்த வார்னிஷ் வாசனையே போதுமானதாக இருந்தது. சின்ன வயதில் பெரிய வாரம் நெருங்கினால் எங்கள் கோயிலிலும் இந்த வாசனைதான் அடிக்கும். சரியாகக் காயாத பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தால் அரைக்கால் சட்டை ஒட்டிக்கொள்ளும்.

அப்போது நாங்கள் ரோசரி சர்ச் ரோடிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், நான்கு குடித்தன வீட்டில் ஒரு போர்ஷனில் இருந்தோம். அப்பா ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்து, விரலிடுக்கில் ஒட்டிய மையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டால் கோயிலுக்குக் கிளம்புகிறார் என்று பொருள். ஆண்கள் ஒரு வரிசை, முக்காடு போட்ட பெண்கள் ஒரு வரிசை. ஞாயிற்றுக்கிழமை நன்மை, அதாவது நற்கருணை, வாங்க வேண்டும் என்றால் சனிக்கிழமை சங்கீர்த்தனம் செய்தாக வேண்டும் என்பதுதான் அன்றைய வழக்கம். வரிசையில் யாரும் பேசமாட்டார்கள். சங்கீர்த்தனம் முடிந்து வீடு திரும்பும்போதும் ஆயா எங்களைப் பேசவிடமாட்டாள். "காலையில நன்மை வாங்கற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க. தொறந்தா சண்டைதான் வரும்" என்பாள்.

ஆயாவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பெரிய வாரத்துச் சங்கீர்த்தனத்துக்குப் போகும் நாளில் அவள் தவறாமல் ஒரு காரியம் செய்வாள். யார் சொல்லிக்கொடுத்ததோ தெரியாது. அவளுடைய அம்மாவும் அப்படித்தான் செய்தாளாம். குளித்துத் தலை முடிந்துகொண்டு அடுப்படி வாசலில் வந்து நிற்பாள். உள்ளே அம்மா சோறு வடித்துக்கொண்டிருப்பாள், முகமெல்லாம் ஆவி. "ஏம்மா, இந்த வருசத்துல நான் ஏதாச்சும் உன் மனசு நோகப் பேசியிருந்தா பொறுத்துக்க" என்பாள் ஆயா. மாமியார் மருமகளிடம் கேட்கிறாள். அம்மாவுக்குக் கை ஓடாது. பானையைச் சாய்த்துப் பிடித்தபடி, "என்னா அத்தே இது, நீங்க போய் என்கிட்ட..." என்பாள். ஆயா நகரமாட்டாள். "பொறுத்துக்கிட்டேன்னு வாயால சொல்லு." அம்மா சொல்வாள். சொல்லும்போது குரல் உடையும். அந்த வருஷம் முழுக்க நடந்த மிளகாய்த்தூள் சண்டை, நாத்தனார் சண்டை எல்லாம் கஞ்சியோடு வடிந்துபோகும். பிறகு ஆயா அப்பாவிடம் போவாள். கடைசியில் எங்களிடமும் வந்து, "டேய், அன்னிக்குக் கரண்டியால அடிச்சேன் இல்ல, பொறுத்துக்கடா" என்பாள். எட்டு வயதுப் பையனிடம் அறுபது வயதுக் கிழவி வந்து நின்று பொறுத்துக்கொள் என்று கேட்டால் அந்தப் பையனுக்கு எப்படி இருக்கும்? நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நிற்போம்.

அடுத்த போர்ஷனில் ஒரு மாமி இருந்தார். கபாலி கோயில் பங்குனி உற்சவமும் எங்கள் தவக்காலமும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஒட்டி வரும். அறுபத்து மூவர் அன்று மாமி வீட்டில் நீர்மோரும் பானகமும் கரைத்து வாசலில் வைப்பார்கள். ஒரு வருஷம் ஆயா அம்மாவிடம் பொறுத்துக்கச் சொல்லிக் கேட்டதை மாமி முற்றத்திலிருந்து பார்த்துவிட்டார். அன்று மத்தியானம் அம்மாவிடம் வந்து, "மாட்டுப்பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேக்கற மாமியாரை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவர், "எங்காத்துல ஒரே ஒரு தரம் கேட்டிருந்தா, நான் எல்லாத்தையும் மறந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

கோயிலில் எங்களுக்கு ஞானோபதேசம் நடத்திய உபதேசியார் வேறு மாதிரி. நல்ல சங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களை விரல்விட்டுச் சொல்ல வைப்பார்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவங்களை மறைக்காமல் சொல்வது, கொடுத்த அபராதத்தைத் தீர்ப்பது. ஒன்று தவறினாலும் பிரம்பு. வெட்கத்தால் ஒரே ஒரு பாவத்தை மறைத்த பெண்ணின் வாயிலிருந்து, சொன்ன பாவங்களெல்லாம் சின்னப் பாம்புகளாக வெளியே வந்து, பெரிய பாம்பு மட்டும் தலையை நீட்டிவிட்டு உள்ளேயே திரும்பிவிட்டதாம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எங்களில் பாதிப்பேர் ராத்திரி தூங்கவில்லை. புதுநன்மைக்கு முன்னால் தொட்டியில் முழங்காலிட்டபோது தகட்டுக்கு அந்தப் பக்கம் மூக்குப்பொடி நெடியும், இருமலும், பிறகு லத்தீனில் ஒரு முணுமுணுப்பும் மட்டும்தான். புரியாத அந்த முணுமுணுப்பில் எல்லாம் கழுவப்பட்டுவிட்டது என்று ஆயா சொன்னாள். நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

பயத்தைத் தெளிய வைத்தவர் தவக்காலத் தியானம் கொடுக்க வந்த ஒரு வயதான சாமியார். அவர் நரகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்க ஊர்லயே நடந்த கதை ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்தார். 1545இல் புனித சவேரியார் சாந்தோமில் வந்து சுமார் நான்கு மாதம் தங்கியிருந்தார். தோமையார் கல்லறையில் செபித்துக்கொண்டு, அடுத்து எங்கே போவது என்று இறைவனிடம் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஜோவான் தே எய்ரோ என்று ஒரு போர்த்துகீசியர் அவரிடம் வந்தார். 35 வயது, பழைய படைவீரர், சொந்தக் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர். சவேரியாரோடு பேசிப் பேசி மனம் மாறி, கப்பலையும் சரக்கையும் விட்டுவிட்டு அவர் பின்னால் கிளம்பிவிட்டார். மலாக்காவிலிருந்து அதே வருஷம் எழுதிய கடிதத்தில் சவேரியாரே இதைச் சொல்லியிருக்கிறார்.

"இத்தோட முடிஞ்சா அது புனிதர் கதை. நம்ம கதை இனிமேதான் வருது" என்றார் சாமியார். சவேரியாரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வது இது: கொஞ்ச நாளில் எய்ரோவின் மனம் தடுமாறியது. பழைய வாழ்க்கை இழுத்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு படகை வாங்கி, கிளம்பிவிடத் தயாரானார். சவேரியார் ஒரு பையனை அனுப்பினார். பையன் போய்த் தேடிப் பிடித்து இரண்டே வார்த்தை சொன்னான்: சாமி கூப்பிடுறார். திட்டவில்லை, ஏன் போனாய் என்று கேட்கவில்லை. எய்ரோ படகை விட்டு இறங்கி நேரே சவேரியாரிடம் வந்து, மறுபடியும் முழங்காலிட்டுச் சங்கீர்த்தனம் செய்தார். பின்னாளில் அவர் பிரான்சிஸ்கன் துறவியானார்.

சாமியார் பிரசங்க மேடையிலிருந்து எங்களைப் பார்த்தார். "நாம மனசு திரும்பின பிறகுதான் ஆண்டவருக்கு இரக்கம் வரும்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். படகுல ஏறிட்டவனைத் தேடி ஆள் வந்துட்டான் பாருங்க." அவ்வளவு பெரிய விஷயத்தைச் சின்னப் பிள்ளைகளான எங்களுக்கும் புரிகிற மாதிரி அன்று சொன்னார். சாந்தோம் பேராலயத்துக்குப் பின்னால் கடற்கரையில் கட்டுமரங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையன் எந்த மணலில் ஓடியிருப்பான் என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். இப்போதுள்ள வெள்ளைக் கோபுரம் 1896இல் எழுந்தது. சவேரியார் செபித்தது அதற்கு முன்பு போர்த்துகீசியர் கட்டியிருந்த சிறிய கோயிலில்.

இந்தக் கதையை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அவருக்குத் தன் தொழில் மேல் அத்தனை பெருமை. தமிழில் முதன்முதலில் அச்சான புத்தகங்களில் ஒன்று சங்கீர்த்தனம் செய்வதற்கான கைநூல்தானாம். சவேரியாருக்குப் பின் முத்துக்குளித்துறையில் பணிசெய்த அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். அடுத்த இரண்டு வருஷத்தில், 1580இல், 'கொம்பெசியோனாயரு' வந்துவிட்டது. "நம்ம எழுத்துக்கு ஈயம் வார்த்ததே, மீன்பிடிக்கிறவங்களும் முத்துக்குளிக்கிறவங்களும் தப்பை ஒத்துக்கிட்டு எழுந்திரிக்கணும்னுதான்டா" என்பார் அப்பா. கொஞ்சம் மிகை. ஆனாலும் அந்தப் பெருமையில் பாதியாவது நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன்.

காலம் மாறியது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, பூசை என்ற பெயரே திருப்பலியானது. 1973 டிசம்பரில் ரோமில் புதிய சடங்குமுறையை வெளியிட்டார்கள். தகட்டுக்குப் பின்னால் மறைந்துதான் சொல்ல வேண்டும் என்றில்லை, எதிரே உட்கார்ந்தும் பேசலாம் என்றானது. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு அருட்சாதனம் ஆனது. ஆயாவுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது கடைசிவரை பிடிக்கவில்லை. "சாமி மூஞ்சியைப் பார்த்தா எனக்குப் பாவமே மறந்துபோவுது" என்று தொட்டிக்கே போனாள். எனக்கு எதிரே உட்காருவது பிடித்தது. அபராதமும் மாறிப்போயிருந்தது. பத்து அருள்நிறை மந்திரம் என்பதற்குப் பதிலாக, உன் அண்ணனுக்குக் கடிதம் எழுது என்று சொல்கிற சாமியார்கள் வந்தார்கள்.

அப்படி ஓர் அபராதத்தின் மறுமுனையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் கல்லூரியில் படித்த காலம். எங்கள் தெருமுனையில் ஒரு செட்டியார் மளிகைக்கடை வைத்திருந்தார். மாதக்கடைசியில் அம்மா எழுதிக்கொடுத்த சீட்டோடு நான் நின்றுகொண்டிருந்தபோது பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து இறங்கினார். கல்லாவில் ஒரு பழுப்புக் கவரை வைத்தார். "ஒருத்தர் உங்களுக்குத் தரவேண்டிய பணம். யாருன்னு கேட்காதீங்க, எனக்குச் சொல்ல அனுமதி இல்ல" என்றார். களவு செய்ததைத் திருப்பிக் கொடுக்காமல் பாவப்பொறுத்தல் நிறைவாகாது என்பது எங்கள் சபையின் பழைய போதனை. பெயர் தெரியாமல் திருப்பிக் கொடுக்க விரும்புகிறவர்கள் சாமியாரிடமே கொடுத்தனுப்புவார்கள். செட்டியாருக்கு இதெல்லாம் தெரியாது. கவரைப் பிரித்துப் பார்த்தார். நூறு ரூபாய் நோட்டுகள் சில. எண்ணவில்லை. யோசித்தார். கடையில் முன்பு வேலை பார்த்த பையன்கள், பொட்டலம் கட்டிய பெண், கடன் சொல்லிப் போனவர்கள் என்று ஒவ்வொரு முகமாக அவர் நினைவில் வந்துபோனது அவர் கண்ணிலேயே தெரிந்தது. பிறகு கவரைச் சாமி படத்துக்கு அடியில் வைத்துவிட்டு, "சாமி, அந்த ஆள்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. நான் தேடவே இல்லைன்னு. கடைக்கு வரச் சொல்லுங்க, பழையபடி வரச் சொல்லுங்க" என்றார். சாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திருநீறு பூசிய அந்த மனிதர், கெட்ட குமாரனின் தகப்பனைப் பற்றி ஒரு வரி படித்திருக்கமாட்டார். அன்று அந்தத் தகப்பனாகவே நின்றார்.

ஆயா போனது ஒரு மழைக்காலத்தில். அவஸ்தைப்பூசுதலுக்குச் சாமியார் வீட்டுக்கு வந்தார். சங்கீர்த்தனம் கேட்பதற்காக எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். ஒற்றை அறை. முற்றத்தில் நாங்கள் எல்லோரும் நின்றோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலில் சாமியார், பிறகு இருமலோடு ஆயா. சாகப்போகிற கிழவி என்ன பாவத்தைச் சொல்லிச் சிரித்தாளோ! கேட்கவும் முடியாது, அவர் சொல்லவும் மாட்டார். சங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குத் திருச்சபையில் தண்டனை மிகக் கடுமை. அந்தச் சாமியாரும் இறந்து பல வருஷமாகிவிட்டது. கதவைத் திறந்தபோது ஆயாவின் முகத்தைப் பார்த்தேன். பாம்புக் கதை சொன்ன உபதேசியாருக்கு அந்த முகத்தைக் காட்டியிருக்க வேண்டும்.

இப்போது எங்கள் பங்கில் சனிக்கிழமை வரிசை இல்லை. ஞாயிறு திருப்பலிக்கு இடம் கிடைக்காத கூட்டம். எல்லோரும் நன்மை வாங்குகிறார்கள். ஒப்புரவுக்கு நாலைந்து வயதானவர்கள் வருகிறார்கள். இளைஞர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பயத்தைக் காட்டி எங்களை வரிசையில் நிறுத்தியதாகச் சபை நினைத்தது. பயம் போனதும் வரிசையும் போனது. பயத்தோடு சேர்த்து, செய்ததைப் பெயர் சொல்லி ஒத்துக்கொள்ளும் பழக்கமும் போய்விட்டதுதான் எனக்கு வருத்தம். "ஏதாவது தப்பா இருந்தா சாரி" என்று வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு செய்தி அனுப்புவதும், அடுப்படி வாசலில் நின்று ஒரு ஆளிடம் கேட்பதும் ஒன்றாகுமா?

ஆனால் பெசன்ட் நகருக்குப் போய்ப் பாருங்கள். ஆகஸ்ட் 29 அன்று வேளாங்கண்ணி மாதா கோயிலில் கொடியேறும்போது நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் நடந்தே வருகிறார்கள். செப்டம்பர் 8 வரை கூட்டம் ஓயாது. ஒரு வருஷம் பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குருக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முன்னால் கால் வெடித்த ஒரு பெண், தலையில் பூ, நெற்றியில் குங்குமம். அவள் முறை வந்தது. தான் ஞானஸ்நானம் வாங்கியவள் இல்லை என்று சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அந்த இளம் குருவுக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. அருட்சாதனம் கொடுக்க முடியாது. எழுப்பி அனுப்பவும் இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குனிந்து கேட்டார். நெடுநேரம் கேட்டார். அவள் அழுது முடித்ததும் தலையில் கை வைத்துச் செபித்தார். வரிசையில் நின்ற நாங்கள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பாப்பரசர் பிரான்சிஸ் 2014 மார்ச்சில் ராயப்பர் பேராலயத்தில், எல்லோர் முன்னிலையிலும் ஒரு சாதாரணக் குருவிடம் போய் முழங்காலிட்ட படத்தைப் பத்திரிகையில் பார்த்து அம்மா நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். 1953இல், பதினாறு வயதில், ப்யூனஸ் ஐரிஸில் தற்செயலாக ஒரு கோயிலுக்குள் நுழைந்து சங்கீர்த்தனம் செய்த அன்றுதான் தன் அழைத்தலை உணர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் அறிவித்த இரக்கத்தின் யூபிலி ஆண்டு 2015 டிசம்பர் 8 அன்று தொடங்கியது. சென்னைக்கு அது வெள்ளம் வடிந்துகொண்டிருந்த வாரம். அடையாற்றங்கரையில் வீட்டையிழந்தவர்களுக்குக் கோயிலும் மசூதியும் கல்யாண மண்டபமும் திறந்து கிடந்தன. பசித்தவருக்கு உணவு, ஆடையற்றவருக்கு ஆடை என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்த இரக்கச் செயல்களை அந்த வாரம் ஊரே செய்துகொண்டிருந்தது. எங்களுக்கு யூபிலியின் கதவு அப்படித்தான் திறந்தது.

கொரோனா வந்து கோயில்கள் மூடியபோது அம்மா மிகவும் தவித்துப்போனாள். பாஸ்காவுக்கு முன் சங்கீர்த்தனம் இல்லாத வருஷம் அவள் ஆயுளில் கிடையாது. குருவிடம் போக வழியில்லாதவர்கள், கடவுள் மேலுள்ள அன்பால் உண்மையாக மனம் வருந்தி, முடிந்தவுடன் வந்து அறிக்கை செய்யும் உறுதியோடு இருந்தால் மன்னிப்பு உண்டு என்று 2020 மார்ச்சில் வத்திக்கான் நினைவூட்டியது. உத்தம மனஸ்தாபம் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து அந்த மந்திரத்தைச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "நான் ஏதாச்சும் உன் மனசு நோகப் பேசியிருந்தா..." என்றாள். ஆயா குரல் அப்படியே.

இதைப் படிக்கிறவர்களில் பல வருஷமாக ஒப்புரவுக்குப் போகாதவர்கள் இருப்பீர்கள். கல்யாணத்துக்கு முன் போனதோடு சரி என்று என்னிடமே எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, மந்திரமெல்லாம் மறந்துவிட்டது, சாமியார் என்ன நினைப்பாரோ என்கிறார்கள். வரும் பெரிய வாரத்தில் சாந்தோமுக்கோ, காட்டுக்கோயில் என்று நாம் சொல்லும் லஸ் கோயிலுக்கோ, உங்கள் சொந்தப் பங்குக்கோ போங்கள். மந்திரம் மறந்துவிட்டது என்பதையே முதலில் சொல்லுங்கள். சாமியார் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துக்கொடுப்பார். கூடச் சொன்னால் போதும்.